மதிலுக்கு மேலே இரண்டு கோப்பைகள்

குட்டை மதிலுக்கு மேலாகப் பக்கத்து வீட்டு ஹஸீனா நீட்டிய நோன்புக் கஞ்சிக் கோப்பை, ஹேர்பர்ட்டுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டாகத் தெரிந்தது. அவர் மேலேயிருந்ததைப் பிடித்தார். அது வெறும் காற்று. உண்மையான கோப்பை மணிக்கட்டில் இடிபட்டு விழ, கஞ்சி முழுவதும் மணலுக்குப் போனது. பதறிப்போய், எது எதுவென்று பார்க்கத் தலையை ஒரு பக்கம் சரித்தார். ஹஸீனாவுக்கு அவர் முகத்தைத் திருப்பியதாகத்தான் பட்டிருக்கும். உள்ளே போய்விட்டாள்.

மார்கழியில் மூளைத் தண்டில் இரத்தம் அடைத்ததிலிருந்து அவருடைய கண்களுக்குள் ஒற்றுமையில்லை. ஒன்று மேலே நிற்கும், மற்றது கீழே. வாவியைப் பார்த்தால் அதன்மேல் இன்னொரு வாவி. திருந்தக் காலமெடுக்கும், அதுவரை ஒரு கண்ணை மூடிக்கொண்டால் எல்லாம் ஒன்றாகத் தெரியும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மூடலாம்தான். ஆனால் புருஷன் கட்டாரில் இருக்கிற பெண்ணைப் பார்த்து, பெண்சாதியை இழந்த பறங்கிக் கிழவன் ஒற்றைக் கண்ணை மூடினால் ஒழுங்கையில் குடியிருக்கிற சனம் என்ன பேசும்? நாவற்குடாவில் இத்தனை வருடம் காப்பாற்றிய மானம் ஒரு நொடியில் கப்பலேறிவிடும். அயலில் பிரஷர் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

அடுத்த நாள் பாங்கு சொல்லி முடிந்தும் மதிலடிக்கு ஒருவரும் வரவில்லை. மனைவி கொன்ஸ்டன்ஸ் செத்த பிறகு அவரைத் தேடி வந்த ஒரே குரல் "அங்கிள், கஞ்சி" என்பதுதான். பாணைத் தேத்தண்ணீரில் நனைத்து வாயில் வைத்தார். அழுகை வந்தது.

மறுநாள் பின்னேரம் மதிலடியில் நின்று அவரே கூப்பிட்டார். முக்காட்டை இழுத்துவிட்டபடி இரண்டு ஹஸீனாக்கள் வந்தார்கள்.

"கஞ்சி புடிக்காட்டிச் சொல்லியிருக்கலாமே அங்கிள். ஏன் தட்டிவிட்டீங்க?"

ஹேர்பர்ட் வலது கண்ணை இறுக மூடினார். அவள் ஓரடி பின்னால் போனாள்.

"தப்பா எடுக்காத பிள்ள. ரெண்டு கண்ணாலயும் பாத்தா நீ எனக்கு ரெண்டு பேர். அண்டைக்கு இல்லாத கோப்பையத்தான் புடிச்சன்."

"அல்லாஹ்! அப்ப ஒரு கண்ண மூடியிருக்கலாமே?"

"உன்னப் பாத்தா? வெக்கமா இரிந்திச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்க் கோப்பையோடு வந்தாள். கையில் நீட்டாமல் மதிலின்மேல் வைத்தாள்.

"மெல்ல எடுங்க. சூடு."

ஒரேயொரு கோப்பை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவள் திரும்பி நடந்ததும் அவசரமாக மற்றக் கண்ணையும் திறந்தார். இரண்டு ஹஸீனாக்கள், ஒருத்திக்கு மேல் ஒருத்தியாகப் போய், இரண்டு கதவுகளைச் சாத்தினார்கள்.