யார் நடந்த நடை

மறைப்பானேன், மெட்டில்டாவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது.

அவள் மகள் ஜெனிலாவுக்கு நாலு வயது. மூளை முடக்குவாதம். பிள்ளை ஒரு நாளில் எவ்வளவு அசைகிறாள் என்று பார்ப்பதற்காக, தெரபி சென்டரில் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைப் பட்டையில் கோத்து அவள் இடுப்பில் கட்டி அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அதைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் பார்த்த தெரபி மிஸ் சண்முகப்ரியாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, பிள்ள நல்லா ஓடியாடுது! இனி தினமும் வர வேண்டாம், மாசம் ஒருக்க போதும். இவ இடத்த இன்னொரு பிள்ளைக்குக் குடுத்திரலாம்."

வாசல்படி தாண்டவே மூச்சு வாங்குகிறவளா ஓடியாடினாள்? மெட்டில்டா திரையை உற்றுப் பார்த்தாள். மலை மலையாய்க் கோடுகள், எல்லாம் பொழுது சாய்ந்த பிறகு. அது மாதா கோயில் திருவிழா வாரம். பாவப்பட்ட பிள்ளை என்று தெருவே அவளை இடுப்பு மாற்றி இடுப்பாகச் சுமந்து அலைந்தது. ராட்டினத்துக்கு எதிர்வீட்டு மாமி, மிட்டாய்க் கடைக்கு அவள் அப்பன் ரோச்.

"மிஸ், இது எம்மவ நடை இல்ல. எங்க தெரு நடை. திரும்பக் கட்டுங்க. கட்டாம நான் எந்திரிக்க மாட்டேன்."

சண்முகப்ரியா திரையையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "தூக்கக் கூடாதுன்னு நானும் சொல்லாம விட்டுட்டேன்க்கா" என்றபடி பட்டையை எடுத்தாள்.

மறுநாள் காலை மெட்டில்டா பிள்ளையைத் தெருவில் இறக்கி விட்டாள். தெருமுனையில் கரையேற்றிய வள்ளம். அதனடியில் ரோச் வலை பிரித்துக்கொண்டிருந்தான். ஜெனிலா அப்பனை நோக்கி மண்ணில் தவழத் தொடங்கினாள். வலது கை முன்னே போகும், கால்கள் பின்னால் இழுபடும்.

எதிர்வீட்டு மாமி ஓடி வந்தாள். "ஏளா, நீ பெத்தவளா பேயா? பச்சப்பிள்ளைய மண்ணுல இழுவ விடுதியே!"

"தொடாதிய மாமி. நீங்க தூக்குனா உங்க நடைதான் அதுல ஏறும்."

"ஏறட்டுமே, எனக்கென்ன தேஞ்சா போவுது?"

"எம்மவளுக்குத் தேஞ்சு போவும்."

வாசல்தோறும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். கல்நெஞ்சக்காரி என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. அவள் நகரவில்லை. ரோச்சுக்குத்தான் பொறுக்கவில்லை, வலையை உதறிவிட்டு ஓடி வந்து குனிந்தான்.

"போப்பா!" என்று கத்தினாள் ஜெனிலா. "நான் வாரேன்!"

குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவனைச் சுற்றிக்கொண்டு போய், வேர்வையும் மண்ணுமாக, வள்ளத்தின் பலகையில் ஓங்கித் தட்டினாள் பிள்ளை. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாய் மட்டும் ஆத்தாள மாதிரியே" என்றாள்.

அடுத்த வாரம் திரையில் மலை எதுவும் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன மேடுகள்.

"ரொம்பக் குறைவுதான்க்கா" என்றாள் சண்முகப்ரியா.

"இருக்கட்டும் மிஸ். அவளோடது."

"அப்போ இடமும் அவளோடதுதான். நாளைக்கு வழக்கம்போலக் கூட்டிட்டு வாங்க."

மெட்டில்டா பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினாள். ஜெனிலா அந்தக் கையைத் தட்டி விட்டாள்.