மண் ஒட்டாத கலப்பை

ஒரு பொட்டு மண்கூட ஒட்டாத பழைய கலப்பையை நீங்கள் நம்பி வாங்குவீர்களா?

எங்கள் பக்கத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். இங்கே பழைய கலப்பை விற்கிறவர்கள் இரண்டு வகை. பெயின்ட் அடித்து விற்கிறவன் ஒருவன், ஓட்டிக் காட்டி விற்கிறவன் இன்னொருவன். பெயின்டுக்கு அடியில் எந்த விரிசலை ஒளித்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? ஓடி வந்த கலப்பை அப்படி இல்லை. மண்ணைப் புரட்டும் அந்த வளைந்த தகடு கண்ணாடி மாதிரி மின்னும். எங்கே மண் சரியாக வழுக்கிப் போகவில்லையோ அங்கே மங்கலாக இருக்கும். விவசாயி அந்தத் தகட்டை ஒரு தடவை பார்த்தால் போதும், கலப்பையின் ஜாதகமே தெரிந்துவிடும்.

செங்கா ஹானே இரண்டாவது வகை. ஸ்ட்ரான்ரார் என்ற துறைமுக ஊருக்குத் தெற்கே, கடல் காற்று நேராக வந்து அடிக்கிற இடத்தில் அவளுடைய பட்டறை. அவளுக்கு அறுபது வயதாகப் போகிறது. நான் அங்கே பல வருடமாகக் கழற்றுகிறேன், மாட்டுகிறேன், கழுவுகிறேன். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கலப்பையும் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற வயலில் ஒரு சால் போய், ஒரு சால் திரும்பி வராமல் லாரி ஏறாது. ஓட்டி முடித்த கையோடு தகட்டில் கெட்டியாகக் கிரீஸைப் பூசிவிடுவோம். இல்லாவிட்டால் உப்புக்காற்றில் சாயங்காலத்துக்குள் துருப்பிடித்துவிடும்.

நாடு ஐரோப்பியக் கூட்டமைப்பை விட்டு வெளியே வந்ததும் இந்த வழக்கம்தான் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

எங்கள் கலப்பைகளில் பாதிக்கு மேல் போவது கடலுக்கு அந்தப் பக்கம், வட அயர்லாந்துக்கு. வெயில் நாளில் பட்டறை வாசலில் நின்றால் அந்தக் கரை தெரியும். அதுவும் இதே நாடுதான். ஆனால் சரக்கு விஷயத்தில் மட்டும் அங்கே இன்னும் கூட்டமைப்பின் விதிகள். ஓடிய விவசாய இயந்திரம் எதிலாவது எங்கள் மண் ஒட்டியிருந்தால் அங்கே இறக்க முடியாது. மண்ணில் பூச்சி வரும், புழு வரும், பயிர் நோய் வரும் என்பது காரணம்.

"ஒரே பாஸ்போர்ட்டு, ஒரே காசு, ஒரே மழை," என்பாள் செங்கா. "மண்ணு மட்டும் வெளிநாடாம்!"

அந்த இலையுதிர் காலத்தில் முதல் லாரி திரும்பி வந்தது, போல்ட் ஓட்டைகளில் மண் இருந்ததால். ஓட்டைகளையெல்லாம் குத்திச் சுத்தம் செய்து இரண்டாவது லாரியை அனுப்பினோம். அதுவும் திரும்பி வந்தது. அந்தக் கரையில், லார்ன் துறைமுகத்தில் ஒருவர் தகட்டின் கிரீஸை வெள்ளைத் துணியால் வழித்திருக்கிறார். கிரீஸுக்கு அடியில் மெல்லிசாக ஒரு படலம் மண். வயலில் இருந்து வந்த கையோடு, கழுவாமல், எப்போதும் போலப் பூசியிருந்தோம். வருடக்கணக்காகச் செய்கிற வேலை, கை தானாகச் செய்துவிட்டது. பூசியது நான்தான், பூசச் சொன்னது செங்கா. இருவருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் வெஸ்லி மெக்காலி போன் செய்தான். வட அயர்லாந்தில், ஆன்ட்ரிம் பக்கத்து வியாபாரி. எங்களிடம் வாங்கி அங்கே விவசாயிகளுக்கு விற்கிறவன். செங்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"என்ன பொண்ணே, உங்க ஊர் மண்ண எனக்கு ஓசியில அனுப்பப் பாக்குறியாமே?"

"நல்ல மண்ணு வெஸ்லி. உன் வயலுக்குப் போட்டாலாவது ஏதாச்சும் மொளைக்கும்."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "சிரிக்கிற நெலமையில நான் இல்ல, செங்கா. உழவு நேரம். வாசல்ல ஆள் நிக்கிறான். ஹாலந்துக்காரன் டப்ளின் வழியா அனுப்புறான், எல்லாம் கூட்டமைப்புக்குள்ளயே, ஒரு கேள்வி கெடையாது. இன்னொரு லோடு திரும்புச்சுன்னா நான் அவன்கிட்டயே வாங்கிக்கிறேன். கோவிச்சுக்காத."

"நாலு கலப்ப. வர்ற வியாழக்கிழமை கப்பல்ல. நாலும் உன் வாசலுக்கு வரும்."

"மண்ணோடவா, மண்ணில்லாமயா?"

"ஓட்டிப் பாத்துட்டு, மண்ணில்லாம."

"ரெண்டும் ஒண்ணா எப்படிம்மா நடக்கும்?"

"நடக்கும். வை போன."

அவளுடைய தம்பி டேவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். லாரி ஓட்டுகிறவன் அவன்தான். "அக்கா, எதுக்கு இந்தப் பிடிவாதம்? வயல்ல எறக்காத. கழுவு, சிவப்பு பெயின்ட் அடி, அனுப்பு. எல்லாரும் அதத்தான் பண்றான்."

"எல்லாரும் பண்ணட்டும்."

"வெஸ்லி போய்ட்டான்னா பட்டறையில பாதிய மூடணும். தெரியும்ல?"

"தெரியும். பெயின்ட் அடிச்சு அனுப்புனா மீதிப் பாதியையும் மூடணும். அதுவும் தெரியும்." என் பக்கம் திரும்பினாள். "நீ என்னடா சொல்ற?"

"நான் என்ன சொல்றது. கழட்டுன்னா கழட்டுறேன்."

"இந்த மெட்ராஸ்காரன் ஒருத்தனுக்குத்தான் இங்க புத்தி இருக்கு," என்றாள். நான் மெட்ராஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அன்றே நான்கையும் வயலில் ஓட்டினோம். டேவி முணுமுணுத்துக்கொண்டே டிராக்டர் ஓட்டினான். செங்கா பின்னாலேயே நடந்து, புரண்ட மண்ணைக் குனிந்து பார்த்தாள். ஒன்றில் மூன்றாவது கொழு கொஞ்சம் ஆழமாகப் போனது, அதை அங்கேயே சரிசெய்தாள். இருபது வருடம் ஓடிய பெரிய கலப்பை ஒன்று இருந்தது. நான்கில் அதுதான் பிரமாதமாக ஓடியது. மண் புத்தகத்தின் பக்கம் மாதிரி புரண்டது. "இதப் பாத்தான்னா வெஸ்லி வாய மூடிக்குவான்," என்றாள்.

கிரீஸ் டப்பாவை அவளே எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "பழக்க தோஷத்துல எவன் கையாவது அதுகிட்ட போகும். ஏன், என் கையே போகும்."

பிறகு கழற்ற ஆரம்பித்தோம். தகடு, கொழு, சக்கரம், தாங்கி, ஒவ்வொரு நட்டு, ஒவ்வொரு போல்ட். வெந்நீரை வேகமாகப் பீச்சிக் கழுவி, காற்றடித்து உலர்த்தி, ஈரம் போன அந்த நிமிடமே தெளிந்த எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினோம். உள்ளே இருக்கிறது வெளியே தெரிகிற எண்ணெய். கடையில் வறுவலுக்கு விற்கிற கடுகு ரக எண்ணெய்தான். பட்டறை முழுக்க வாணலி நாற்றம்.

"மீனு எங்க, மீனு?" என்றான் டேவி. "எண்ணெய் ரெடி."

"உன்னப் பொரிச்சா ஊரே சாப்பிடலாம். வந்து பிடி இத."

மழை பெய்தால் கதவை மூடிக்கொண்டு வேலை செய்தோம். கழுவியதைச் சேற்றுத் தரையில் வைக்கக் கூடாது என்று செங்கா தன் வீட்டுக் கூடத்தில் கிடந்த கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து விரித்தாள். யாரும் அதன்மேல் பூட்ஸோடு ஏறக் கூடாது. நாங்கள் மூன்று பேரும் காலுறையோடு நின்று போல்ட் முடுக்கினோம். என் விரல்கள் வெந்நீரில் ஊறி வெளுத்துவிட்டன.

புதன்கிழமை மத்தியானம் ஆய்வாளர் கீத் ட்வீடி வந்தார். இந்தப் பக்கத்து ஆள்தான். இரண்டு லோடு திரும்பியதிலிருந்து, அவரே நேரில் பார்த்துச் சுத்தம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு கப்பல் ஏறலாம். கம்பளத்தைப் பார்த்ததும் அவரும் பூட்ஸைக் கழற்றினார்.

"என்ன செங்கா, கோயிலா இது?"

"எங்க வேணும்னாலும் குத்திப் பாரு, கீத். ஒண்ணும் கெடைக்காது."

அவர் அவசரப்படவில்லை. கையில் டார்ச்சு, நீளக் கம்பியில் பொருத்திய சின்னக் கண்ணாடி, மெல்லிய கத்தி. முதல் கலப்பையை முடித்தார், இரண்டாவதை முடித்தார், மூன்றாவதை முடித்தார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. டேவி எனக்குக் கண்ணடித்தான்.

நான்காவது அந்தப் பெரிய கலப்பை. கத்திப்பிடியால் அதன் நடுச்சட்டத்தைத் தட்டினார். சதுரக் குழாய் மாதிரி உள்ளே கூடாக இருக்கும் இரும்புச் சட்டம் அது, இரண்டு முனையும் அடைத்திருக்கும். மறுபடி தட்டினார். ஒரு பக்கம் கணீர் என்றது, ஒரு பக்கம் பொத்தென்றது. பழைய ஓட்டை ஒன்றில் கம்பியை விட்டு நெருடினார். பொடியாக, காய்ந்து, கறுப்பாக விழுந்தது.



"இது உங்க வயல் மண்ணு இல்ல," என்றார் கீத். "யார் யாரோ இருபது வருஷமா ஓட்டுன மண்ணு. ஓட்ட வழியா போய் உள்ள தங்கியிருக்கு. மன்னிச்சுக்கோங்க செங்கா. மூணுக்குப் போட்டுத் தர்றேன். இத விட்டுடுங்க."

"நாலுன்னு சொல்லியிருக்கேன்."

"தெரியாம அனுப்பினா லார்ன்ல தட்டிப் பாப்பாங்க. மொத்த லோடும் திரும்பும்."

"தெரியாம அனுப்பச் சொல்லல. நீ எத்தன மணி வரைக்கும் இருப்ப?"

"அஞ்சு மணிக்குள்ள வேற எடத்துல ஒரு வேல இருக்கு. முடிச்சிட்டு இந்த வழியாத்தான் வீட்டுக்குப் போவேன்."

"அப்ப வா."

அவர் கார் வெளியே போனதும் செங்கா கிரைண்டரை எடுத்தாள். டேவி அவள் கையைப் பிடித்தான். "அக்கா, பைத்தியமா? சட்டத்த வெட்டிட்டு வெல்டிங் போட்டா ஒடஞ்சு ஒட்டுன கலப்ப மாதிரி இருக்கும். எவன் தொடுவான்?"

"வெட்டாட்டி எவனுமே தொட முடியாது. முனைய அடச்சிருக்கிற தகட்ட மட்டுந்தான் எடுக்கப்போறேன். பாரம் அதுமேல விழாது."

"அது உனக்குத் தெரியும். பாக்குறவனுக்கு?"

"பாக்குறவனுக்கு நான் சொல்லுவேன்." போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு வெஸ்லியைக் கூப்பிட்டாள். "வெஸ்லி, கேளு. பெரிய கலப்பையோட நடுச்சட்டத்துல முனைய வெட்டப்போறேன். உள்ள மண்ணு. கழுவிட்டுத் திருப்பி வெல்டிங் போட்டுருவேன். மேல பெயின்ட் பூச மாட்டேன், அப்படியே தெரியும். நாளைக்கு அதப் பாத்துட்டு, செங்கா ஏமாத்திட்டான்னு சொல்லாத."

"சொந்தக் கலப்பைய அறுக்குறேன்னு போன் பண்ணிச் சொல்ற ஒரே பொம்பள நீதான். எனக்குப் பிடிக்கலேன்னா?"

"திருப்பி அனுப்பு."

"திருப்பி அனுப்புறதுக்கும் கழுவணுமா?"

"வேண்டாம். இந்தப் பக்கம் எவ்வளவு சேறு வேணும்னாலும் வரலாமாம். எங்க ஆளுங்க கேக்க மாட்டாங்க."

வெஸ்லி விழுந்து விழுந்து சிரித்தான். "எவன்டா இந்தச் சட்டத்த எழுதுனான்! சரி, அனுப்பு. பாப்போம்."

அவள் வெட்டினாள். பொறி பறந்தது. முனைத்தகடு விழுந்ததும் உள்ளே பார்த்தேன். மண் கல்லாக இறுகியிருந்தது. நீளக் கம்பியால் நானும் டேவியும் மாறி மாறி இடித்தோம். அவள் மறுமுனை ஓட்டைகள் வழியே வெந்நீரைப் பீச்சினாள். கட்டிகட்டியாக வந்தது, நடுவில் ஒரு வாற்கோதுமைத் தாள்கூட வந்தது. டேவி பிறகு ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அவனே கம்பியை வாங்கி, முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவினான். தண்ணீர் தெளிந்து ஓடும் வரை பீச்சினோம். பிறகும் பீச்சினோம். காற்றடித்து உலர்த்தினோம். பழைய ஓட்டைகள் ஒவ்வொன்றையும் செங்கா இரும்பு வைத்து அடைத்தாள். "இனிமே எந்த ஊர் மண்ணும் உள்ள போகாது," என்றாள். முனையை மூடாமல் விட்டுவைத்தாள்.

கீத் ஐந்தரைக்கு வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு, டார்ச்சோடு தலையைச் சாய்த்து அந்தக் குழாய்க்குள் பார்த்தார். வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தார். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடிடுங்க," என்றார்.

அவர் பக்கத்தில் நிற்கும்போதே செங்கா வெல்டிங் போட்டாள். தழும்பு தடியாக, பளிச்சென்று தெரிந்தது. டேவி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அவள் எண்ணெய்த் துணியை எடுத்து அதன்மேல் தடவினாள், மற்ற இடத்தில் தடவியது போலவே. கீத் நான்குக்கும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை முதல் கப்பலில் நான்கு கலப்பைகளும் போயின. லார்னில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு விட்டார்கள். பதினொரு மணிக்கு வெஸ்லி போன் செய்தான். மூன்றை எடுத்துக்கொள்வதாகவும், வெல்டிங் போட்டதை டேவியின் லாரியிலேயே திருப்பி அனுப்புவதாகவும், ஜனவரிக்கு இதே மாதிரி ஓட்டிப் பார்த்துக் கழுவியதாக இன்னும் ஐந்து வேண்டும் என்றும் சொன்னான்.