நுனுஃபாரின் நனையாத அப்பம்

கர்மிர்கார் ஊர்த் தேவாலயத்தில் நுனுஃபாருக்குக் கொடுக்கும் அப்பம் மட்டும் ஒன்பது வருஷமாகத் திராட்சை ரசத்தில் நனையவில்லை. குருவானவர் சகாக் எல்லோருக்கும் செய்வதுபோலவே புளிக்காத அப்பத்தைப் பிட்டு, தண்ணீர் கலக்காத ரசத்தில் முக்கி எடுப்பார். சிவந்து வரவேண்டிய துண்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி வெள்ளையாக வரும். அவள் அந்த வறட்டுத் துண்டை நாவில் வாங்கி, தொண்டை அடைக்க, கண்ணில் நீர் முட்ட விழுங்கிவிட்டுப் போவாள். ஊர் முதலில் மாவைக் குறை சொன்னது, பிறகு கிண்ணத்தை, பிறகு குருவானவரின் விரல்களை. ஓர் ஈஸ்டருக்குப் பக்கத்து ஊரிலிருந்து ரசம் வரவழைத்தார்கள். அன்று அவள் துண்டு சொதசொதவென்று நனைந்தது. கோளாறு மனுக்கின் ரசத்தில்தான் என்பது அப்படித் தெரிந்தது.

மனுக் அவள் புருஷன். தேவாலயத்து ரசம் முழுக்க அவன் நட்ட கொடிகளிலிருந்து வருவது. ஆகஸ்டில் மாதா திருநாளன்று குருவானவர் திராட்சையை ஆசீர்வதிக்கும்வரை அந்த ஊரில் யாரும் ஒரு பழத்தை வாயில் போடமாட்டார்கள். மனுக் போட்டான், பழுத்துவிட்டதா பார்க்கிறேன் என்று, திருநாளுக்கு மூன்று நாள் முன்னால், விரதத்தில் இருந்த பெண்டாட்டியின் கண்ணெதிரிலேயே. நுனுஃபாருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தின்னுட்டீங்கல்ல? இனிமே உங்க கை பட்ட கொடியிலேர்ந்து ஒரு சொட்டுகூட என் உதட்டுல படக்கூடாது, ஆமா!" என்று கத்தினாள். அவன் சிரித்தான். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்ன ஒன்றையும் அவன் கேட்டதில்லை. பூட்ஸை வாசலில் கழற்றச் சொன்னால் சேறோடு கட்டில்வரை வருவான். அந்த இலையுதிர் காலத்தில், மண்ணில் புதைந்த ரசச் சாடிகளை மூடிவிட்டு அசதியாக உட்கார்ந்தவன், பிறகு எழுந்திருக்கவில்லை. செத்த பிறகுதான் அவள் பேச்சைக் கேட்க ஆரம்பித்தான், பாவி மனுஷன்.

வேறு ரசத்தில் தருகிறேன் என்று குருவானவர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. "பீடத்துக்கு வந்தப்புறம் அது மனுக்கோட ரசம் இல்லம்மா, ஆண்டவரோட ரத்தம்" என்றார். "ஆண்டவர் வரத் தயார்தான் சாமி. இவருதான் உள்ள இருந்து இழுத்துப் பிடிக்கிறாரு. என் மேல கோபம்னாகூடத் தாங்கிக்குவேன். சொன்ன பேச்சைக் கேக்கறாரே, அதைத்தான் தாங்க முடியல" என்று விசித்து விசித்து அழுதாள்.

பத்தாவது ஆகஸ்டில், திருநாளுக்கு மூன்று நாள் முன்னால், நுனுஃபார் பட்டப்பகலில் தோட்டத்துக்குப் போய், மனுக் நட்ட கொடியிலிருந்து ஒரு முழுக் குலையை அறுத்துக் கொட்டையோடு தின்றாள். பக்கத்தில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஐயையோ அக்கா, இன்னும் ஆசீர்வாதம் ஆகலையே!" "தெரியும்டி, வாயை மூடு." பிறகு கொடியைப் பார்த்துச் சொன்னாள்: "பழுத்துத்தான் இருக்கு. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நீங்க அதைக் கேட்டது அதைவிடத் தப்பு. போதும், வாங்க."

திருநாளன்று பாவத்தை அறிக்கையிட்டாள். "வருத்தப்படறியாம்மா?" என்று குருவானவர் கேட்டார். "கத்தினதுக்கு வருத்தப்படறேன் சாமி. தின்னதுக்கு அடுத்த வருஷம் வருத்தப்படறேன்." ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் அப்பத்தை முக்கினார். துண்டு செக்கச்செவேலென்று, ரசம் வழிய வழிய வந்தது. அவள் உதட்டைத் தாண்டி, மோவாய் வழியாக வெள்ளைச் சால்வைவரை ஓடியது. "மெதுவா, மெதுவா" என்றாள். குருவானவரிடம் அவள் அப்படிப் பேசமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகு அவள் இருந்த பதினான்கு வருஷமும் அவள் துண்டு மட்டும் அப்படித்தான் வழிந்தது. பூசையில் குருவானவருக்கு உதவும் தியாக்கோன் பார்கேவ் அவள் மோவாய்க்குக் கீழே ஒரு துணி பிடிப்பது வழக்கமாயிற்று. அந்தத் துணியைத் துவைக்க அவள் யாரையும் விடவில்லை.