சாக்பீஸ் சிலுவை

செல்வசிங் சாக்பீஸால் சிலுவை போட்டுவிட்டால், வளைகுடாவில் இருக்கும் ஜெபல் அலி பழைய இரும்பு யார்டில் எவனும் மறுகேள்வி கேட்கமாட்டான். வெட்டலாம் என்று சோதித்துக் குறி போடும் மற்ற செக்கர்கள் டிக் அடிப்பார்கள், வட்டம் போடுவார்கள். குளச்சல்காரரான இவர் மட்டும் சின்னதாக ஒரு சிலுவை. "சிங்கண்ணன் சிலுவை போட்டா இரும்புக்கே மோட்சம்தான்யா" என்று சோலைமுத்து கேலி பண்ணுவான். முதுகுளத்தூர்ப் பக்கம், கேஸ் கட்டர் பிடிக்கிறவன். கேலி பண்ணிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டு தீயைப் பற்றவைப்பான். அவ்வளவு நம்பிக்கை. நாசமாய்ப் போன நம்பிக்கை!

2004இல் ஈராக்கிலிருந்து லாரி லாரியாக இரும்பு வந்துகொண்டிருந்தது. மேலே கிடப்பது புதுச் சண்டையில் உடைந்தது, அடியில் கிளறினால் பழைய சண்டைக் குப்பை. ஒரு வியாழக்கிழமை நாற்பது பீரங்கிக் குண்டுக் கூடுகள் வந்து இறங்கின. முழங்கை நீளம், அடித்தட்டில் 1942 என்று பொறித்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு வெள்ளைக்காரன் எந்த ஆலையிலோ வார்த்து, பாலைவனத்தில் போட்டுவிட்டுப் போன சரக்கு.

இதற்கு யார்டில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கூட்டின் மூக்கு ஓட்டையிலும் டார்ச் அடித்து அடிவரை பார்க்கவேண்டும். அடி தெரிந்தால் காலி, குறி போடலாம். மண் அடைத்திருந்தால் வேலிக்கு வெளியே ஒதுக்கிவிட்டுப் போலீசுக்குச் சொல்லவேண்டும். செல்வசிங் இருபத்திரண்டைப் பார்த்தார். இருபத்திரண்டும் காலி. அப்போது ஆட்களைத் தங்குமிடத்துக்குக் கூட்டிப்போகும் கேம்ப் பஸ் ஹாரன் அடித்தது. ஊரில் மகளுக்கு முதல் பிறந்தநாள். பக்கத்து வீட்டுப் போனடியில் மனைவி ஷாஜினி காத்திருப்பாள். மிச்சம் பதினெட்டும் அதே சரக்குதானே என்று குனிந்துகூடப் பார்க்காமல் அடித்தட்டுகளில் மளமளவென்று சிலுவையைப் போட்டுவிட்டு ஓடினார்.

சனிக்கிழமை காலை சோலைமுத்து அந்தப் பதினெட்டில் ஒன்றை வெட்டினான்.

சத்தம் கேட்டு ஓடியவர்களில் செல்வசிங்தான் முதல் ஆள். சோலைமுத்துவின் வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. தூக்கி ஆம்புலன்சில் ஏற்றிவிட்டுத் திரும்பியவரின் காலடியில் அந்த அடித்தட்டு கிடந்தது. 1942. அதற்குக் கீழே அவருடைய சிலுவை, ஒரு கோடுகூடக் கலையாமல்.

சுற்றிலும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. குனிந்து கட்டைவிரலால் ஒரே இழுப்பு. சிலுவை போய்விட்டது.

பாவி மனுஷன்! பார்க்காமல் போட்டதையாவது அவசரம் என்று சொல்லலாம். இதை என்னவென்று சொல்ல?

"உள்ள ஒரு கைப்பிடி மருந்துதான் மிச்சம் இருந்துருக்கு. முழுசா இருந்தா நாம யாருமே இருந்திருக்க மாட்டோம்" என்றார் ஃபோர்மேன் நெய்னா முகம்மது. அண்ணன் என்பதற்கு அவர் ஊர் வழக்கப்படி எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "சிங்கு, நீ இதுல குறி போட்டியா?"

"போடல காக்கா. சந்தேகமா இருந்துச்சு, தனியா வச்சிருந்தேன்."

மற்ற எல்லாக் கூட்டிலும் சிலுவை இருந்தது, இதில் இல்லை. ஆகவே குறியில்லாததை எடுத்து வெட்டிய கட்டர்மேல்தான் தப்பு என்று ஆபீஸ் முடிவு கட்டியது. நஷ்டஈடு மாஃபி, சல்லிக்காசு கிடையாது. விசா கேன்சல்.

முதல் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் சோலைமுத்து அடித்துச் சொன்னான், சிலுவையைப் பார்த்தேன் என்று. செல்வசிங் என்ன சொன்னார் என்று கேள்விப்பட்டபிறகு அடங்கிப்போனான். அவர் பார்க்கப் போனபோது, "நீங்க பொய் சொல்ற ஆளில்லண்ணே. எனக்குத்தான் வெயில்ல கண்ணு பூத்துருக்கு. என்னால உங்களையும் விசாரணைன்னு நிக்க வச்சுட்டாங்க, மன்னிச்சுக்கங்க" என்றான். செல்வசிங் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார்.

 லீவு நாளான வெள்ளிக்கிழமை பூசையில், சிலுவை போட நெற்றிக்குப் போன கட்டைவிரல் பாதியிலேயே நின்றது. சொன்னால் வேலை போகும், ஜெயில்கூட வரலாம். சொல்லாவிட்டால் ஒற்றைக் கையோடு ஒருவன் குற்றவாளியாக ஊர் போவான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார்.

அவர்கள் தங்கியிருந்த அல் கூஸ் கேம்பில் ஏர்போர்ட் வேன் வந்து நின்றது. சோலைமுத்துவின் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவன் இடது கையால் மார்க்கர் பேனாவை நீட்டினான்.

"பேரு, ஊரு எழுதுங்கண்ணே. கீழ உங்க சிலுவையும் ஒண்ணு போட்டுவிடுங்க. அப்பத்தான் பத்திரமாப் போயிச் சேரும்."

செல்வசிங் பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். அப்புறம் கை வரவில்லை. பெட்டிமேல் குனிந்தபடியே ஓவென்று அழுதுவிட்டார்.

"அதுல சிலுவை இருந்துச்சு, சோலை. நான்தான் போட்டேன். உள்ள பாக்காமப் போட்டேன். பெறவு நானே அழிச்சிட்டேன்."

அறைவான் என்று நின்றார். அறைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். சோலைமுத்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நான் பாத்தது நெசமா?" என்றான். "எங்கண்ணு சரியாத்தான் இருந்துச்சா? என் புத்தி கெட்டுத்தான் கையத் தொலைச்சேன்னு எம் பொண்டாட்டி ராக்கம்மாகிட்டச் சொல்லிட்டேனே. ஒரு மாசமா அவ திட்டுறா, நானும் ஆமாம் ஆமாம்னு கேட்டுக்கிட்டு இருக்கேனே. ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க?"

செல்வசிங் பேனாவை மூடிப் பெட்டிமேல் வைத்தார். 

வெளியே ஹாரன் அடித்தது. "யல்லா, நேரமாச்சு!" என்று நெய்னா முகம்மது வாசலுக்கு வந்தார். செல்வசிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"காக்கா, வேன ஆபீசுக்குத் திருப்பச் சொல்லுங்க. போக வேண்டியது அவனில்ல, நான். அந்தக் குண்டுல குறி போட்டது நான்."

நெய்னா முகம்மதுவின் முகம் கறுத்தது. "என்ன பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

செல்வசிங் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சோலைமுத்துவின் குரல் வந்தது.

"சிலுவை இருந்துச்சு, காக்கா. நான் பாத்தேன்."