யாரும் உடுத்தாத துணி

திரையில் அந்தக் கோடு குத்திட்டு எழும்பியதும் லோகப்பிரியா முதலில் இயந்திரத்தைத்தான் திட்டினாள். ஒன்றுமே இருக்கக்கூடாத துணி அது. துடியலூர் ஆய்வுக்கூடத்தில் அவள் வேலையே, மனிதத் தோலில் ஊறும் கொழுப்புகளைத் துணியில் ஒற்றியெடுத்து, மூலக்கூறுகளை உடைத்து, துண்டுகளின் நிறையை அளந்து, எது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒப்பிட்டுப் பார்க்க யார் மேனியும் படாத துணி ஒன்று வேண்டும். கடைத்துணியோ பல கை மாறி வருவது. யோசித்து யோசித்துக் கடைசியில் அவிநாசி வீட்டுச் சாமி அறையில் இருக்கும் ஓலைப்பெட்டி ஞாபகம் வந்தது. படித்தவர்களுக்கென்றே வாய்க்கும் கெட்டிக்காரத்தனம் அது.

தங்கை தாரணி ஏழு வயதில் காய்ச்சலில் போனவள். கன்னியாகப் போன பிள்ளை அந்த வீட்டுக்குச் சாமி. தை மாதம் புதுப் பாவாடை சட்டை எடுத்துப் பெட்டியில் வைத்துக் கும்பிட்டுக் கட்டிவிட்டால், அடுத்த தை வரை அம்மா கீதாவே அதைத் தொடமாட்டாள். கடைக்காரர் கை எண்ணெய் ஒட்டியிருந்தாலும் இத்தனை மாதத்தில் காற்றுப்பட்டுச் சிதைந்திருக்கும். போன வாரம் அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், கையுறை மாட்டிக்கொண்டு பாவாடையின் உள்மடிப்பில் ஒரு துண்டு கத்தரித்து எடுத்து வந்துவிட்டாள். மனசு உறுத்தத்தான் செய்தது.

இப்போது அந்தத் துண்டில் கொழுப்பு இருந்தது. வெறும் நிறையை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. ஒரே நிறையுள்ள கொழுப்பு ஆட்டிலும் இருக்கும், ஆமணக்கிலும் இருக்கும். இரட்டைப் பிணைப்பு சங்கிலியின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஓசோனைச் செலுத்தினால் சரியாக அந்த இடத்தில் ஒடியும். செலுத்தினாள். ஆடுமாடு, செடிகொடி என்றால் பெரும்பாலும் ஒன்பதாவது இடத்தில் ஒடியும். இது ஆறாவது இடத்தில் ஒடிந்தது. மனிதத் தோலின் அடையாளம் அது. காற்றில் நாலு நாள் தாங்காத பிணைப்புகள்கூட முழுசாக இருந்தன. யாரோ சில நாட்களுக்குள் உடுத்தியிருக்கவேண்டும்.

தன்னுடையதாக இருக்குமோ என்று தன் கன்னத்தில் ஒற்றி அதையும் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. பக்கத்து மேசை லின்சி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது சின்னப் புள்ளைங்க தோலுங்க. பெரியவங்களுக்கு இத்தனை கொலஸ்ட்ரால் வராதுங்களே. எந்தக் கொழந்தைகிட்ட எடுத்தீங்க?"

லோகப்பிரியா அந்தக் கோட்டை மறுபடி பார்த்தாள். குழந்தை என்று அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மா மட்டும்தான்.

அந்த அம்மாவும் போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டு மெஹராஜ் கதவைத் தட்டும்வரை ஈரத்தரையிலேயே கிடந்தாள். அடுத்தமுறை மெஹராஜ் ஊரில் இருக்கவேண்டுமே. தன்னோடு வந்துவிடச் சொல்லி லோகப்பிரியா கெஞ்சாத கெஞ்சல் இல்லை. சாமியாக வைத்த வீட்டை விட்டுக் கன்னியைக் கிளப்பக் கூடாது என்பாள் அம்மா. ஒன்று அங்கேயே இருக்கவேண்டும், இல்லையென்றால் ஆற்றில் விடவேண்டும். கடைசியில் முந்தாநாள்தான் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்திருந்தாள்.

"நீ மிசின்ல பார்க்கறவதானே கண்ணு. பெட்டியில அவ இல்லைன்னு நீ சொல்லு. ஆத்துல உட்டுபோட்டு வாரேன்."

அன்று மாலை போனில் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். "ஏனுங்கம்மா, பெட்டியை நடுவுல திறந்தீங்களா?"

"நானா? திறந்தா ஓடிப் போயிருவாளோன்னு எனக்கே பயம். ஏன் கண்ணு?"

"சும்மாதானுங்க. ஒரு துண்டு எடுத்து மிசின்ல பார்த்துட்டேன், ஞாயித்துக்கிழமை பெட்டியோட கூடுதுறைக்குப் போய்ச் சொல்றேனுங்க."

ஞாயிற்றுக்கிழமை பவானி கூடுதுறையில் நல்ல கூட்டம். ஆடி மாதத்துத் தண்ணீர் படிகளைத் தொட்டு வேகமாக ஓடியது. அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தாள். காரில் வந்த வழியெல்லாம் கேட்காததை அங்கே கேட்டாள்.

"சொல்லு கண்ணு. இருக்கறாளா?"

ஈரத்தரையில் கிடந்த அம்மாவை நினைத்துக்கொண்டாள். பார்த்ததைச் சொன்னால் இவள் அந்த வீட்டை விட்டு அசையமாட்டாள். "ஒண்ணுமில்லீங்கம்மா. வெறும் துணி."

அம்மா வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பெட்டியை அவளிடம் நீட்டினாள். "தண்ணின்னா பயந்துக்குவா. நீயே கொஞ்ச தூரம் கூடப் போய் உட்டுட்டு வா."

லோகப்பிரியா இறங்கினாள். இடுப்பளவு ஆழத்தில் நின்று, பெட்டியைத் தண்ணீரில் வைத்து, விரல்களைப் பிரித்தாள். யாரோ விட்ட சாமந்திப் பூக்கள் இரண்டு பக்கமும் அவளைக் கடந்து விரைந்து போயின. பெட்டி போகவில்லை. அவள் வயிற்றோடு ஒண்டிக்கொண்டு நின்றது. மெல்லத் தள்ளிவிட்டாள். ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி வந்து மறுபடியும் ஒண்டிக்கொண்டது. அது நடுங்குவது அவள் வயிற்றில் தெரிந்தது. பயமாக இருந்தது. பயத்தைவிடப் பாவமாக இருந்தது.

"பயப்படாத தாரணி. அக்கா இங்கதான் இருக்கறேன்."

சத்தமாகவே சொல்லிவிட்டிருந்தாள். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். அம்மா எழுந்து நின்றிருந்தாள். ஒரு படி இறங்கினாள், இன்னொரு படி இறங்கினாள். சேலை நனைந்து காலைச் சுற்ற, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் வந்தாள்.