நாமக்கல் காணவில்லை

தனப்பிரியா சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சிறிய புள்ளிவிவர நிறுவனத்தில் வேலை பார்த்தாள். யாராவது மூட்டை மூட்டையாக எண்களைக் கொண்டுவந்து கொட்டினால், அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுத்தம் செய்து, படமாக வரைந்து கொடுப்பது அவள் வேலை. அதற்கு அவள் பயன்படுத்திய நிரல்மொழியின் பெயர் 'ஆர்'. முதலாளி கௌசிக்குக்கு நிரல் எழுதத் தெரியாது. பேசத் தெரியும். அதனால் நிறுவனம் ஓடியது.

நான்கு மாவட்ட முட்டைப் பண்ணையாளர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம் அவர்களிடம் வந்தது. முட்டையைப் பரிசோதிக்கச் சங்கம் சொந்தமாக ஒரு லேப் கட்டப்போகிறது. அதை எந்த ஊரில் கட்டுவது என்று பொதுக்குழுவில் முடிவெடுக்க வேண்டும். எந்த மாவட்டத்தில் எவ்வளவு முட்டை என்று ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி படம் வேண்டும். இதுதான் வேலை.

சங்கம் அனுப்பிய கோப்பைத் தனப்பிரியா ஏற்றினாள். மாவட்டம் என்ற கட்டத்தில் ஏகப்பட்ட இடங்களில் விவரம் இல்லை என்று ஆர் சொன்னது. "பண்ணைக்காரங்க அரைகொறையாத்தான் எழுதுவாங்க. விவரம் இல்லாத வரிசையையெல்லாம் தூக்கிடும்மா" என்றான் கௌசிக். அவள் ஒரே வரியில் தூக்கினாள். பாதிக்கு மேல் போயிற்று. பண்ணைக்காரர்கள் இவ்வளவு மோசமா என்று நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதன்பிறகு படத்துக்கு மஞ்சள் கரு நிறம் சரியாக அமைய வெகுநேரம் பாடுபட்டாள். கௌசிக் படத்தைப் பார்த்து, நம் நிறுவனத்தின் லோகோ இன்னும் பெரிதாக இருக்கலாம் என்று மட்டும் சொன்னான்.

பொதுக்குழு நாமக்கல்லில், பரமத்தி ரோட்டில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. பின்கட்டில் பிரியாணி தயாராகிக்கொண்டிருந்தது. கௌசிக் மைக்கைப் பிடித்து, டேட்டா என்பது இந்த நூற்றாண்டின் கோழித்தீவனம் என்று ஏதோ பேசிவிட்டு, படத்தைப் போடச் சொன்னான்.

திரையில் மூன்று மஞ்சள் பட்டைகள் எழுந்து நின்றன. சேலம் முதலில். அடுத்து ஈரோடு. கடைசியில் கரூர்.

முன்வரிசையிலிருந்து சங்கத் தலைவர் சென்னிமலை எழுந்தார். நாமக்கல்லை அடுத்த மோகனூர் பக்கம் பெரிய பண்ணை வைத்திருப்பவர். கோபம் வந்தால் குரல் இறங்கும் ஆள். இப்போது குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"அம்மிணி, நாம இப்ப எந்த ஊருல உக்காந்திருக்கறோம்?"

"நாமக்கல்லுங்க."

"அதை அங்க கொஞ்சம் காட்டு சாமி."

தனப்பிரியா திரையைப் பார்த்தாள். இடமிருந்து வலம் பார்த்தாள். வலமிருந்து இடமும் பார்த்தாள். முட்டைக்கே தலைநகரம் மாதிரி இருக்கிற ஊரை விட்டுவிட்டு முட்டைப் படம் வரைந்திருக்கிறோம், அதையும் அந்த ஊருக்கே வந்து காட்டுகிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"காணமுங்க" என்றாள்.

பின்வரிசையில் தண்டாயுதபாணி துள்ளி எழுந்தார். சேலம் மாவட்டத்து ஓமலூர்க்காரர். லேப் ஓமலூருக்குத்தான் வரவேண்டும் என்று நாலு மாதமாகப் பேசிவருபவர். "தலைவரே, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமுங்களா? சேலம்தான் ஒசரமா நிக்குது. லேப் ஓமலூருக்குன்னு தீர்மானம் எழுதிக்கலாமுங்க."

"இருங்க" என்ற சென்னிமலை தனப்பிரியாவிடம் திரும்பினார். "அம்மிணிக்குச் சொந்த ஊரு எதுங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வராது. "ஓமலூருங்க" என்றாள்.

அதன்பிறகு சிறிது நேரம் யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். தண்டாயுதபாணி, இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை என்று கையடித்துச் சத்தியம் செய்தார். கௌசிக் சிரித்த முகம் மாறாமல் அவள் காதருகே குனிந்தான்.

"ஒரு பட்டையை நீயே வரைஞ்சு நாமக்கல்னு எழுதிடு."

"எவ்வளவு ஒசரத்துக்குங்க சார்?"

"எல்லாத்தையும் விடக் கொஞ்சம் ஒசரமா."

"அது முடியாதுங்க சார்" என்றாள். தப்பாக வரைந்ததற்கே இந்தக் கூச்சல். பொய்யாக வரைந்தால் வீடு போய்ச் சேர முடியாது.

அவள் நிரலை முதல் வரியிலிருந்து ஓட்டிப் பார்க்கத் தொடங்கினாள். புரொஜெக்டரை அணைக்க மறந்துவிட்டாள். அவள் தட்டுவதெல்லாம் ஆளுயர எழுத்தில் திரையில் தெரிந்தது. மண்டபமே உட்கார்ந்து பார்த்தது. ஒரு காற்புள்ளியை விட்டாள். சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. "செவப்புல வருதே, வெவகாரமுங்களா?" என்றார் ஒருவர். அவள் திருத்தினாள். சிவப்பு போனது. யாரோ கைதட்டினார்கள்.

நீக்குவதற்கு முன் எத்தனை வரிசை, நீக்கிய பின் எத்தனை என்று எண்ணிப் பார்த்தாள். தூக்கிய வரிசைகள் பெரிய கூட்டமாக இருந்தன. சங்கம் அனுப்பிய கோப்பை ஆர் இல்லாமல் சாதாரணமாகத் திறந்து, மாவட்டம் என்ற கட்டத்தை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். சேலத்துக்கு எஸ்.ஏ. என்று இரண்டெழுத்து. ஈரோட்டுக்கு இ.ஆர். கரூருக்குக் கே.ஏ. அதன்பிறகு பக்கம் பக்கமாக என்.ஏ., என்.ஏ., என்.ஏ.

அவள் மைக்கை எடுத்தாள்.

"தப்பு என்மேலதாங்க. சங்கத்துல நாமக்கல்லுக்கு என்.ஏ.ன்னு சுருக்கி எழுதியிருக்கறாங்க. ஆனா ஆர்ல என்.ஏ.ன்னா விவரம் இல்லைன்னு அர்த்தமுங்க. அதை நான் பாக்காமத் தூக்கிட்டனுங்க."

"ஆருல?" என்றார் சென்னிமலை.

"ஆர்லதாங்க."

"அதைத்தான அம்மிணி கேக்கறேன். ஆரு?"

"ஆருங்க. ஆர்."

"நீ என்னையத் திருப்பிக் கேட்டா எப்படி? நாமக்கல்லுல வெவரம் இல்லைன்னு சொன்னது ஆரு?"

நடுவில் உட்கார்ந்திருந்த பழனியம்மாள் எழுந்தார். எடப்பாடியில் கணவருக்குப் பின் தனியாகப் பண்ணை நடத்துபவர். "ஆரா இருந்தா என்னங்க, அந்தாளுக்கு ஒரு போனைப் போட்டுக் குடுங்க. நான் பேசிக்கறேன்."

ஆர் என்பது ஆளில்லை, கம்ப்யூட்டர் மொழி என்று விளக்கி முடிப்பதற்குள் தனப்பிரியா இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டாள். காலி இடம் மட்டும்தான் விவரம் இல்லாதது, என்.ஏ. என்று எழுதியிருந்தால் அது ஓர் ஊர் என்று ஆருக்குப் புரியும்படி ஒரு வரி எழுதினாள். நீக்கும் வரியை எடுத்தாள். படத்தைத் திரும்பப் போட்டாள்.

நாமக்கல் வந்தது. பட்டை திரையின் உச்சியைத் தொட்டது. விசில் அடித்தார்கள். சென்னிமலை உட்கார்ந்து, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அது சரிங்க, எங்க பட்டை எங்கீங்க?" என்றார் தண்டாயுதபாணி.

இருந்தது. நாமக்கல் பக்கத்தில் சேலம் ஒரு செங்கல் உயரத்துக்கு நின்றது. கரூரைத் தரையோடு யாரோ மிதித்துவிட்ட மாதிரி இருந்தது. கரூர்க்காரர்கள் நாலைந்து பேர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள்.

"லாக் அளவு போடு, லாக் அளவு போடு" என்று கௌசிக் கிசுகிசுத்தான். அந்த ஒரு சொல்லை அவன் எங்கோ கேட்டு வைத்திருந்தான்.

பெரிய எண்களை அமுக்கிக் காட்டும் அந்த அளவு பட்டைப் படத்துக்கு ஆகாது என்று தெரிந்தும், பதற்றத்தில் போட்டுவிட்டாள். ஓங்கி நின்ற நாமக்கல் இறங்கி வந்தது. கரூர் ஏறி வந்தது. நான்கும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் தோளோடு தோள் நின்றன.

"இது நல்லாருக்குதுங்க" என்று கரூர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள். சென்னிமலை எழுந்தார்.

"அம்மிணி, எங்க முட்டையெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலீங்க. இதுல ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்குன்னு கணக்குங்க."

"ஆரு ஊட்டுப் படி அது? ஒரு படி ஏறுனா எங்கூட்டுல ஒரு படிதான் ஏறுவோம்."

தனப்பிரியா மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தாள். எந்தப் படத்தைப் போட்டாலும் ஒரு பக்கம் எழும், ஒரு பக்கம் உட்காரும். பட்டையின் உயரத்துக்குத்தான் இவர்கள் சண்டை போடுகிறார்கள். லேப்பைப் பற்றி யாருமே பேசவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் மைக்கில். "லேப் இல்லாம இப்ப உங்களுக்கு என்ன கஷ்டம்?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். சாம்பிள் சென்னைக்குப் போகிறது. ரிசல்ட் வருவதற்குள் முட்டை விற்றுப்போகிறது, இல்லாவிட்டால் கெட்டுப்போகிறது. வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். இந்தக் குறையைச் சொல்வதில் சேலம், கரூர், நாமக்கல் என்று வித்தியாசமே இல்லை.

சாம்பிள் அனுப்பிய தேதியும் ரிசல்ட் வந்த தேதியும் கோப்பிலேயே இருந்தன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் காத்திருந்த நாள். யாருக்கு எவ்வளவு காத்திருப்பு என்று பண்ணைக்கு ஒரு புள்ளியாக வைத்தால், யாரும் உயரம் பார்த்துச் சண்டை போட மாட்டார்கள். அவள் உற்சாகமாக எழுதி ஓட்டினாள்.

புள்ளிகளில் பாதி, பூஜ்யத்துக்குக் கீழே விழுந்து கிடந்தன.

"அதுக்கென்ன அர்த்தம் கண்ணு?" என்றார் பழனியம்மாள்.

தனப்பிரியா திரையை இன்னொரு தடவை பார்த்தாள். "சாம்பிள் அனுப்பறதுக்கு முன்னாடியே ரிசல்ட் வந்துருச்சுங்க."

"அந்த லேப்தான் நமக்கு வேணும்!" என்று தண்டாயுதபாணி கத்தினார். மண்டபம் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. சென்னிமலையும் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. தனப்பிரியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இந்தத் தடவை பிழை எங்கே என்று உடனே தெரிந்தது. பண்ணைக்காரர்கள் நம் வழக்கப்படி முதலில் நாள், அப்புறம் மாதம் என்று எழுதியிருந்தார்கள். அவள் மாதம் முதலில் என்று வாசிக்கச் சொல்லியிருந்தாள். மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி அனுப்பிய சாம்பிள், செப்டம்பர் மூன்றாம் தேதி அனுப்பியதாகியிருந்தது. இரண்டு சொல்லை இடம் மாற்றினாள். புள்ளிகள் எல்லாம் மேலே வந்தன.

இப்போது யாரும் விளக்கம் கேட்கவில்லை. நாமக்கல் புள்ளிகள் கீழேயே கூட்டமாக இருந்தன. சேலம் புள்ளிகள் மேலே, அதிக நாள் காத்திருந்த பக்கம், சிதறிக் கிடந்தன. ஓமலூர், எடப்பாடி பக்கத்துச் சாம்பிள்கள் முதலில் நாமக்கல்லுக்கு வந்து, அங்கே வண்டி நிறையும் வரை கிடந்து, அப்புறம்தான் சென்னைக்குப் போகின்றன என்று பழனியம்மாள் காரணம் சொன்னார்.

"இவங்க சாம்பிள் இங்க வந்து இத்தனை நாளா கெடக்குது?" என்று சென்னிமலை தம் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் திரையைப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் நடந்தது பேரம். லேப் நாமக்கல்லில். ஆனால் தினமும் காலையில் ஒரு வண்டி ஓமலூரில் கிளம்பி, எடப்பாடி, திருச்செங்கோடு வழியாகச் சாம்பிளை எடுத்துக்கொண்டு வரவேண்டும். கரூருக்கும் ஈரோட்டுக்கும் தனித்தனி வண்டி. தண்டாயுதபாணி கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டார். வண்டியில் 'ஓமலூர்' என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றார். சென்னிமலை, நாலு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

கௌசிக் மைக்கைப் பிடித்து, இந்த முடிவுக்கு உங்களைக் கொண்டுவரத்தான் அந்த முதல் படத்தையே அப்படிப் போட்டோம் என்றான். நல்லவேளையாக அதற்குள் எல்லாரும் பந்திக்குப் போய்விட்டிருந்தார்கள்.

தனப்பிரியா இலையில் உட்கார்ந்த பிறகுதான் தனக்கு எவ்வளவு பசி என்று தெரிந்தது. சென்னிமலை தாமே வந்து அவள் இலையில் இரண்டு முட்டை வைக்கச் சொன்னார். "மெதுவாச் சாப்புடு சாமி. பஸ் ஏத்திவுடச் சொல்றேன்" என்றார். ஓமலூரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பழனியம்மாள் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இடது கையால் பர்ஸைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்து வைத்தார்.

"கண்ணு, புதுசாக் கொட்டாய் போட்டதுல இருந்து எங்கோழிக சரியா முட்டை வெக்கறதில்லை. எல்லாம் பதிஞ்சு வெச்சிருக்கறேன். கொஞ்சம் படம் போட்டுக் குடு. காசு என்னவோ அதைக் குடுத்தர்றேன்."

கை கழுவியதும் தனப்பிரியா அதைத் திறந்து பார்த்தாள். முட்டைக் கணக்கு ஒரு நாள் விடாமல் இருந்தது. தேதிக் கட்டத்தைப் பார்த்தாள். ஆடிப் பதினெட்டு. ஐப்பசி அமாவாசை. மழை பேஞ்ச செவ்வாக்கிழமை. தம்பி ஊட்டுல கெடா வெட்டுனதுக்கு மறுநாள்.

"கெடா எப்பங்க வெட்டுனீங்க?" என்று கேட்டபடி, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.