மாதிரி விருந்தினர்

ஹோட்டல் எலக்ட்ரீஷியனின் மனைவி ஆறு வருடம் நான்கு மாதமாகத் தூங்கவில்லை. அதற்காக அவள் இளைத்துப் போகவும் இல்லை, யார் மேலும் எரிந்து விழவும் இல்லை. மற்றவர்கள் தூங்கித் தொலைக்கிற எட்டு மணி நேரமும் கைவசம் இருந்ததால் வீட்டில் தைக்காத துணி, துடைக்காத ஜன்னல் என்று எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். அதற்கு முன் பதினான்கு வருடம் அவள் அதே ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். எந்த அறையை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று நோட்டில் குறித்து வைத்து, "வணக்கம் சார், நீங்க சொன்ன நேரம் ஆச்சு" என்பாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டு, "திரும்பப் படுத்துட்டீங்கல்ல?" என்று கையும் களவுமாகப் பிடிப்பாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தானாக அடிக்கும் கடிகாரம் வந்தது. நூற்றியிருபது அறைகளிலும் அதைப் பொருத்தியவர் அவள் புருஷன்தான். கடைசி அறையில் ஸ்க்ரூ முடுக்கிய அன்று அவளுக்கு வேலை போனது, கூடவே தூக்கமும் போனது. "நான் தூங்கிட்டா என்னை யாருங்க எழுப்புறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அன்றிலிருந்து, அவளை எப்படியாவது தூங்க வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே இல்லாமல் போனது.

ஹோட்டல் அதற்காகக் காத்திருக்கவில்லை. சாவி போய் அட்டை வந்தது, அட்டை போய் செல்போன் வந்தது. இருட்டில் ஸ்விட்சைத் தேடிச் சுவரைத் தடவுகிற காலம் முடிந்து, சொன்னால் எரியும் விளக்கு வந்தது. கடைசியாக, விருந்தினர் வாய் திறக்கும் முன்பே அவருக்கு வேண்டியதைச் செய்யும் அறை வந்தது. அறைகளைப் பழக்குவதற்கு ஒரு மாதிரி விருந்தினர் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் எலக்ட்ரீஷியனிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். எல்லா அறைக்குள்ளும் நுழைந்தவர், ஒன்றிலும் தங்கியதில்லை. தெரிந்த ஒரே ஆளை வைத்து நிரப்பினார்: ஃபேன் மூன்றில், திரை ஒரு சாண் திறந்து, தலையணை ஒன்று, இடது கால் போர்வைக்கு வெளியே. 'தூக்கம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். சோதனை முடிந்ததும் மாதிரியை அழித்துவிட வேண்டும். 'இவரை நீக்கலாமா?' என்று கம்ப்யூட்டர் திரை கேட்டபோது அவர் அப்படியே மூடிவிட்டு வந்துவிட்டார். மறந்துவிட்டேன் என்று இன்றுவரை சாதிக்கிறார், நமக்கு நம்பிக்கையில்லை.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு திங்கட்கிழமை 412 திறக்க மறுத்தது. 'இந்த அறையின் விருந்தினர் இன்னும் வரவில்லை' என்று கதவில் எழுத்து ஓடியது. சனிக்கிழமைக்குள் நூற்றியிருபது கதவும் அதையே சொல்ல, வரவேற்பறையில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. கம்பெனிக்காரர்கள் வந்து கையைப் பிசைந்தார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை போவது அதிகம்தான். இருந்தாலும் போய்ச் சொல்லிவிட்டார். மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இருபது வருஷமா வேலை பாக்குறீங்க, ஒரு ஃபாரம் நிரப்பத் தெரியாதா?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதல்ல அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் புருஷனோடு வந்தாள். இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று இருந்தவள். அவள் நடக்க நடக்க விளக்குகள் எரிந்தன, 412 தானாகத் திறந்தது. ஃபேன் மூன்றில் சுற்றியது, திரை ஒரு சாண் திறந்திருந்தது. முதல் வேலையாக மேஜையில் விரலால் தேய்த்துத் தூசி பார்த்தாள். கடிகாரம் இருந்த இடத்தில் பழைய டெலிபோன் இருந்தது. ஆறு வருடம் முன்பு அவரே கழற்றி ஸ்டோருக்கு அனுப்பியது. அதன் வயர் எங்கேயும் போகவில்லை, அவர் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். அவள் ரிசீவரை எடுத்து, "நானூத்திப் பன்னெண்டு. நேரம் ஆனதும் எழுப்பி விடுங்க" என்று சொல்லி வைத்தாள். அவர் ஷூவைக் கழற்றுவதற்குள் தூங்கிவிட்டாள். அதே நிமிடம் மற்ற அறைகள் எல்லாம் திறந்துகொண்டன.

பதினோரு நாள் தூங்கினாள். லிஃப்ட் நாலாவது மாடியில் மட்டும் மணி அடிக்காமல் நின்றது. எலக்ட்ரீஷியன் நாற்காலியில் உட்கார்ந்து அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் இரண்டு தடவை அழுதார். பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு டெலிபோன் அடித்தது. "வணக்கம்மா, நீங்க சொன்ன நேரம் ஆச்சு" என்றது ஒரு குரல். வைத்ததும் இன்னொரு குரல். பதினான்கு வருடமாக அவள் எழுப்பிவிட்டவர்கள் எல்லாரும், நோட்டில் இருந்த வரிசைப்படி, மாலை நாலு மணி வரை கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் அலுக்காமல் "எழுந்துட்டேன் சார், எழுந்துட்டேன்" என்றாள். கடைசிக் குரல், "திரும்பப் படுத்துட்டீங்கல்ல?" என்று கேட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மணி என்னங்க?" என்றாள்.

"வியாழக்கிழமை" என்றார் அவர்.

அவர் வேலை போகவில்லை. அவள் மாதம் ஒரு முறை மதியத்தில் வந்து 412-இல் தூங்கிவிட்டுப் போகிறாள், மற்ற நாட்களில் வீட்டிலேயே தூங்குகிறாள். மாதிரி விருந்தினரை யாரும் நீக்கவில்லை. 'தூக்கம்' என்ற கட்டத்தில் மட்டும் அவர் 'இல்லை'யை அழித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினார். அன்றிலிருந்து அந்த ஹோட்டலில் தங்குகிறவர்கள் எல்லாரும் இடது காலைப் போர்வைக்கு வெளியே நீட்டித்தான் தூங்குகிறார்கள். இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.